சக்கரம் போகாத பாதைக்கு எத்தனை மார்க்கு?

தம்பி, நீ கெட்டிக்காரன். கொல்லிமலையில ஜனங்க நடக்கத் தோது இருக்கான்னு பாக்க, இங்க எதுக்கு ஏறி வரணும்? ஃபேன் காத்துல உக்காந்து, கம்ப்யூட்டர்ல கூகுள் தெருப் படத்தைத் தள்ளித் தள்ளிப் பாரு. நடைபாதை இருக்கா, நிழல் இருக்கா, விளக்குக் கம்பம் இருக்கான்னு டிக் போட்டு மார்க்கு குடு. முட்டியும் தேயாது, அட்டையும் கடிக்காது.

இது லேசுப்பட்ட வித்தையில்லைன்னு என் பேத்தி சொன்னா. நியூயார்க்குல நேர்ல போய்ப் பாத்ததையும் படத்துல பாத்ததையும் ஒப்பிட்டு 2011லயே எழுதியிருக்காங்களாம். நடைபாதை மாதிரி நின்ன இடத்துல நிக்கிறது நல்லாப் பொருந்துச்சாம். அன்னன்னிக்கு மாறுறதுலதான் இடிச்சுச்சாம். பரவாயில்ல, இங்க அன்னன்னிக்கு மாறுறது என்ன பெருசா? பனி, மழை, வழுக்குற பாறை, உருண்டு விழுந்த கல்லு. அம்புட்டுத்தான்!

அந்தப் படம் எடுக்குற கேமரா வண்டியை நம்ம நாட்டுல 2011ல பெங்களூருல விட்டாங்க, போலீசு நிறுத்திப்புடுச்சு. கூகுள் தெருப் படம் மறுபடி வந்தது 2022 ஜூலையில, சென்னையோட சேத்துப் பத்து ஊருக்கு. அந்த வண்டி இங்க ஏறுச்சுன்னா அடிவாரத்துக் காரவள்ளியிலருந்து 70 கொண்டை ஊசி வளைவையும் அழகாப் பிடிச்சிரும். ஆனா அந்த வளைவுல நடக்குறவன் யாரு? பஸ்ஸை விட்டவனும் பைக்கு பஞ்சரானவனும்தான். எங்காளுக நடக்குறது மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் நடுவுல குறுக்க இறங்குற ஒத்தையடிப் பாதையில. அதுல சக்கரம் போகாது, அதனால படம் கிடையாது. படம் இல்லேன்னா உன் கணக்குல நாங்க நடக்குறதே இல்ல!

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல படி. அங்க வந்துபோனவுக போட்டோவைப் பாத்து மார்க்கு போட்டுறலாம்னு நெனைப்பே. போடு சாமி. போட்டோவுல அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாக. எல்லாம் இறங்குறப்ப எடுத்தது. மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுறப்ப எவன் போட்டோ எடுக்குறான்?

சரி, ஒண்ணு செய். மார்க்கையெல்லாம் அங்கயே போட்டு முடிச்சிரு. சரிபாக்குறதுக்கு மட்டும் சந்தையன்னிக்கு ஒருக்கா வா. சோளக்காட்டுச் சந்தைக்குப் போக வேண்டிய பலாப்பழம் ஒண்ணு வீட்டுல கிடக்குது, இருபது கிலோ தேறும். அதைத் தலையில வெச்சுக்கிட்டு ஒத்தையடிப் பாதையில நட. ரெண்டு கையும் பழத்தைப் பிடிச்சிருக்கும், டிக் போட முடியாது. மார்க்கை வாயால சொல்லிக்கிட்டே வா, பேத்தி எழுதிக்குவா. நான் பஸ்ஸுல முன்னால போய்ச் சந்தையில நிக்கிறேன்.