ஆணியில் தொங்கும் துண்டு

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் எப்போதும் ஒரு துண்டு தொங்கும். அவசரத்துக்குத் தலை துவட்ட அதை எடுத்துவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். தண்ணீர் லாரி ஹாரன் அடித்தாலும், கீரைக்காரம்மா குரல் கொடுத்தாலும், கூரியர் பையன் பெல் அடித்தாலும் அம்மாவின் கை நேராக அந்த ஆணிக்குத்தான் போகும். கழுத்து முதல் கணுக்கால்வரை மூடிய நைட்டிக்கு மேல் அந்தத் துண்டு ஏறிய பிறகே தாழ்ப்பாள் விலகும்.

அந்தத் துண்டை அந்த ஆணியில் மாட்டவைத்தவர்களை இதுவரை யாரும் மேடையேற்றிப் பாராட்டியதில்லை. யார் யாருக்கோ பொன்னாடை போர்த்திய ஊர் இது. தெருவில் போகிற பெண் என்ன உடுத்தியிருக்கிறாள் என்று சம்பளம் வாங்காமல், லீவு போடாமல் கண்காணித்து வருகிற அந்தப் பெருமக்களுக்கு மட்டும் ஒரு கைத்தறித் துண்டுகூடக் கிடைத்ததில்லை. “ஒருத்தரைப் பத்திப் பேசினா நல்லதாப் பேசு, இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு இரு” என்று சொல்லி வளர்த்தவள் அம்மா. அவள் சொல்லைத் தட்டாமல், அவர்களுடைய நல்ல குணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவர்களுடைய பார்வை. புடவை ஐந்தரை மீட்டர் துணி. அத்தனை நீளம் இருந்தும் இடுப்பு தெரியும், முதுகு தெரியும், கையைத் தூக்கினால் வயிறு தெரியும். அதில் அவர்கள் ஒரு குறையும் கண்டதில்லை. காணத் தேவையும் இல்லை. நைட்டியோ தோளில் தொடங்கிப் பாதத்துக்கு அருகே முடிகிற ஒரே பை. உடம்பின் வளைவு நெளிவு எதுவும் அதில் பிடிபடாது. எட்டு மாதக் கர்ப்பிணி போடலாம். பிள்ளை பெற்று வீடு வந்தவள் போடலாம். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறாத வயிற்றில் உள்பாவாடை நாடாவை இறுக்க முடியாதவள் போடலாம். அடுப்படி வெக்கையில் வெந்துகொண்டிருப்பவளுக்கு அந்தப் பருத்தித் துணிதான் கொஞ்சம் காற்று. ஒன்றுமே தெரியாத அந்த உடையில் ஆபாசத்தைக் கண்டெடுக்கிற கண் லேசுப்பட்ட கண்ணா? நகைக்கடையில் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவருக்குக்கூடக் கல் என்று ஒன்று எதிரில் இருந்தால்தான் அதன் குற்றம் தெரியும். இவர்களுக்குக் கல்லே தேவைப்படவில்லை.

அடுத்தது அவர்களுடைய கணக்கு. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்றொரு கிராமம். 2018-இல் அந்த ஊர்ப் பெரியவர்கள் கூடி, காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணிவரை பெண்கள் நைட்டியோடு வெளியே வரக்கூடாது என்று தீர்மானித்தார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். மீறியவளைக் காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் சன்மானம். இரவு 7 அடித்த பிறகு அதே பெண், அதே நைட்டி, அதே தெரு. பண்பாட்டுக்கு ஒரு கீறலும் விழாது. பண்பாடு எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை. தாராளத்தையும் பாருங்கள். நாளெல்லாம் வயலில் குனிந்து நாற்று நட்டாலும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத பணம், பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தவர் மடியில் விழுகிறது. அண்டை அயலாரை ஒருவர் மேல் ஒருவர் இத்தனை அக்கறை கொள்ளவைக்க எந்த மகானாலும் முடிந்ததில்லை.

இந்தத் தொண்டை ஆண்கள் மட்டுமே செய்கிறார்கள் என்று எழுதினால் பெண்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். 2014-இல் நவி மும்பையின் கோட்டிவலி கிராமத்தில் ஒரு மகளிர் மன்றமே முன்வந்து நைட்டிக்குத் தடை போட்டது. மீறினால் 500 ரூபாய். தன்னைக் கட்டிய கயிற்றிலேயே அடுத்தவளுக்கும் அளந்து வெட்டித் தருகிற மனசு எல்லோருக்கும் வாய்க்காது.

இந்த நற்குணத்துக்கு எல்லையும் கிடையாது. சீனாவில், ஷாங்காய் நகரத்தின் பழைய சந்து வீடுகளில் ஒரே சமையற்கட்டைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. பல வீடுகளுக்குள் கழிப்பறை இல்லை. சந்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். சந்தே அவர்களுக்கு வீட்டின் இன்னோர் அறை. 1978-க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து கையில் கொஞ்சம் காசு புழங்கியதும், தூங்குவதற்கென்றே தனி உடை வாங்க முடிந்தது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. அந்த பைஜாமாவோடே காய்கறி வாங்கினார்கள், பெஞ்சில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். 2010 மே மாதம் அங்கே உலகக் கண்காட்சி தொடங்கவிருந்தது. வெளிநாட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று, பைஜாமாவோடு வெளியே வராதீர்கள் என்கிற அறிவிப்புகள் சந்துகளில் முளைத்தன. தொண்டர்கள் நின்று, வந்தவர்களை உடை மாற்றிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். விருந்தாளி வாசலுக்கு வருமுன் வீட்டுக்காரியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிற விருந்தோம்பல் அது.

அதே நாட்டில், ஆன்ஹுவெய் மாகாணத்து சுஜோ நகர அதிகாரிகள் 2020 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தெருவில் பைஜாமாவோடு நடந்த ஏழு பேரைக் கண்காணிப்புக் கேமராவிலிருந்து எடுத்து, படம், பெயர், அடையாள அட்டை விவரம் சகிதம் இணையத்தில் போட்டார்கள். நாகரிகமில்லாத நடத்தை என்று அதற்குத் தலைப்பு. திருடனைப் பிடிக்க வாங்கிய கருவியை, இளஞ்சிவப்பு அங்கியோடு சும்மா நடந்து போன ஒரு பெண்ணின் மேல் திருப்பினார்கள். ஊர் கொதித்ததும் மன்னிப்பும் கேட்டார்கள். படங்களை மங்கலாக்கி வெளியிடுவோம் என்றும் சொன்னார்கள். அவமானப்படுத்துவதை நிறுத்தவேண்டும் என்று அப்போதும் தோன்றாத அந்தக் கடமையுணர்வுக்கு என் வணக்கம்.

இவர்கள் நேற்று முளைத்தவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரிய பரம்பரை இது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், நாடார் பெண்கள் மார்பை மூடித் தோள்சீலை போட்டால் குற்றம். சந்தைகளில் அந்தச் சீலையைக் கிழித்தெறிந்தார்கள். பல பத்தாண்டுகள் போராடி, அடிபட்டு, 1859-இல்தான் மன்னர் உத்திரம் திருநாளின் அறிவிப்பு வந்தது: மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் கூடாது. அன்று மூடியது குற்றம். இன்று மூடியது போதவில்லை என்பது குற்றம். துணியின் அளவு எப்படி மாறினாலும், அளவுகோலை மட்டும் கைவிடாமல் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த உறுதியை என்னவென்று சொல்ல!

அவர்களுடைய நீதியையும் சொல்லவேண்டும். 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். தமிழ்நாடே பொங்கியது. வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக்கூடாது என்று அந்த ஆண்டே சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். எங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். ஒருவர் உடுத்தியிருப்பதை வைத்து அவரை வாசலில் நிறுத்துவது அநியாயம் என்று அந்த வாரம் எங்கள் தெருமுனை டீக்கடையில் பேசாத ஆளில்லை. அதே டீக்கடையில், லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நின்ற அதே ஆட்கள், பால் பாக்கெட்டோடு வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அம்மா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரே கையில் இரண்டு தராசு பிடித்து, ஒன்று இன்னொன்றில் இடித்துவிடாமல் நிறுக்கிற நேர்த்தி பழகினால்கூட வராது, பிறவியிலேயே வரவேண்டும்.

கடைசியாக அவர்களுடைய ஞாபகசக்தி. இதை நான் எங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

நான் ஆறாவது படிக்கும்போது தம்பிக்கு ஐந்து வயது. மத்தியான நேரம். கட்டிலிலிருந்து குதித்தவன் ஜன்னல் கண்ணாடியில் கையை ஊன்றிவிட்டான். முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குச் சதை பிளந்து ரத்தம் கொட்டியது. அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பழக்கத்தில் கை ஆணிக்குப் போனது. துண்டை எடுத்தாள். ஆனால் அது தோளுக்குப் போகவில்லை. தம்பியின் கையில் இறுக்கிச் சுற்றினாள். வெள்ளைத் துண்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. வெறுங்காலோடு தெருவில் ஓடி, முனையில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். பதினோரு தையல். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மாவு மில்லில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். தெருவில் எல்லோரும் மதிக்கிற ஒரு பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “அவசரந்தான் கண்ணு, இல்லைங்கல. இருந்தாலும் ஒரு துண்டாச்சும் மேல போட்டுக்கிட்டு ஓடியிருக்கலாமில்ல? அத்தனை ஆம்பளைங்க நின்னாங்களே.”

அம்மா, “ஆமாக்கா, தோணல” என்றாள்.

தோணாமலா? அந்தத் துண்டு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள்.

இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. தம்பி எந்தக் கையில் அடிபட்டான் என்று அந்தத் தெருவில் இன்று யாருக்கும் நினைவில்லை. அம்மா போட்டிருந்தது நீலப் பூப்போட்ட நைட்டி என்பது நினைவிருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அதை ஒருவர் சரியாகச் சொன்னார். ஒரு குழந்தையின் ரத்தத்தை மறந்து அதன் தாயின் உடையை மட்டும் கால் நூற்றாண்டு பத்திரமாக வைத்திருக்கிற ஞாபகத்துக்கு எந்தப் பட்டம் கொடுத்தாலும் தகும்.

பெருமக்களே, உங்களிடம் எனக்கு ஒரு கடனும் உண்டு. அதையும் தீர்த்துவிடுகிறேன். நைட்டி உங்களை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்று நீங்கள்தான் எனக்கு விளங்கவைத்தீர்கள். அது உடம்பைக் காட்டுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அது காட்டுவது வேறு. இந்தப் பெண் விடிகாலையிலிருந்து வேலை செய்துகொண்டிருக்கிறாள், அவளுடைய வேலை வீட்டுப் படியோடு முடிவதில்லை, பால் பூத்தும் ரேஷன் கடையும் குப்பை வண்டியும் அவளுடைய அடுப்படியின் நீட்சிதான் என்று அந்த உடை தெருவுக்குச் சொல்லிவிடுகிறது. அத்தனை வேலைக்கு நடுவிலும் அவள் உடம்பு கொஞ்சம் சுகமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. உங்கள் பார்வைக்காகத் தன்னைத் தயார் செய்துகொள்ளாமல் ஒரு பெண் உங்கள் எதிரில் நடந்து போகிறாள். அதைத்தான் உங்களால் தாங்கமுடியவில்லை. கோயிலுக்குப் போகும்போது பட்டும், வேலைக்குப் போகும்போது அதற்கேற்ற உடையும் உடுத்த அவளுக்குத் தெரியும். எந்த இடத்துக்கு எது என்று அவளுக்கு யாரும் அபராதம் போட்டுச் சொல்லித்தர வேண்டாம்.

அம்மாவுக்கு இப்போது முட்டிவலி. கதவருகே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆணிக்கு நீட்டுகிறாள். பிடிமானத்துக்கு வேண்டிய கை அது. ஒருநாள் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அந்தத் துண்டை எடுத்துத் துவைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் உங்களுக்குப் போர்த்தப்படாத பொன்னாடை இதுதான். வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் போடவேண்டாம், கண்ணைக் கட்டிக்கொள்ளத்தான் இது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

ஆணி அங்கேயே இருக்கட்டும். அம்மா வீட்டுச் சாவியை மாட்டிக்கொள்வாள்.