உடும்புப் பிடி

செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் மாகறலில் ஈசனுக்கு உடும்பீசர் என்றும் ஒரு பெயர் உண்டு. உடும்பைக் கும்பிடுகிற ஊர்க்காரனுக்கு, பிடித்த பிடியை விடாதவர்களை மதிக்கத் தெரியும். காவிரிப் படுகையின் அடியில் வாயு தேடுகிறவர்களே, அரசில் இருந்தாலும் கம்பெனியில் இருந்தாலும், உங்களைப் பாராட்டும் உரிமை எங்கள் ஊருக்குத்தான் முதலில்.

2010-ல் மன்னார்குடிக்கு மீத்தேன் என்று வந்தீர்கள். ஊர் ஊராகப் போய் வேண்டாம் என்று பேசிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று கண் மூடினார். 2015-ல் மாநில அரசும் தடுத்தது. பிடி தளரவில்லை. 2017-ல் நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் என்று வந்தீர்கள். தறியில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு இது உடனே பிடிபடும்: பாவு அதே பாவு, ஊடையின் நிறம்தான் வேறு. 2016-ல் கொண்டுவந்த உரிமம் இன்னும் நேர்த்தி. எண்ணெய்க்கும் மீத்தேனுக்கும் ஷேலுக்கும் ஒரே தாள். ஷேலுக்காகத் தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் பேரழுத்தத்தில் ஆழத்துக்குச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் வேலையை பிரான்ஸ் 2011-லேயே தடை செய்துவிட்டது. அதற்கெல்லாம் கலங்குகிறவர்கள் இல்லை நீங்கள்.

உங்கள் சொற்சிக்கனத்தைத்தான் மிகவும் வியக்கிறேன். நெடுவாசலில் பெண்களும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரே சொல்லைச் சொன்னார்கள்: வேண்டாம். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. அத்தனைக்கும் 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிக்கை ஓர் எழுத்திலும் ஓர் எண்ணிலும் விடை சொன்னது: பி2. ஆய்வுக் கிணறு அந்தப் பட்டியலுக்கு மாறியதும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் போயிற்று, கருத்துக்கேட்புக் கூட்டமும் போயிற்று. பந்தல் போட்டு, மைக் வைத்து, கலெக்டர் முன்னால் ஒரு கிழவி எழுந்து, ‘தண்ணி போயிட்டா நாங்க எங்க போவோம் சாமி?’ என்று கேட்கும் அந்த ஒரு நாளை எவ்வளவு சுருக்கமாக மிச்சப்படுத்திவிட்டீர்கள்!

கண்ணும் கூர்மை. அடுத்த மாதமே தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து டெல்டாவைச் சுற்றிக் கோடு போட்டது. கோட்டுக்கு வெளியே ராமநாதபுரம் இருப்பது உங்களுக்குத் தெரிந்தது. அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025-ல் அனுமதியும் கிடைத்தது. செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது.

எங்கள் தலபுராணத்தில் ஒரு சோழ மன்னன் பொன்னிற உடும்பைத் துரத்தி வருவான். அது புற்றுக்குள் நுழைந்ததும் வெட்டச் சொல்வான். புற்றிலிருந்து ரத்தம் வரும். அந்த இடத்திலேயே வெட்டுவதை நிறுத்தி, விழுந்து கும்பிடுவான். அவன் படையில் உங்களை நிறுத்திப் பார்க்கிறேன். ரத்தத்தைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே போடுகிறவர்கள் இல்லை நீங்கள். புற்றின் அடி தெரியும்வரை வெட்டியிருப்பீர்கள். மறுநாள் வேறொரு பெயரோடு பக்கத்துப் புற்றுக்கும் போயிருப்பீர்கள்.