வேகமான கார் நிபுணர்

சனிக்கிழமை ராத்திரி ஜி.டி.ஏ. ஆன்லைன் வீடியோ கேமில் கூட்டாளிகளோடு ரேஸ் விடுகிற எவருக்கும் இவரைத் தெரிந்திருக்கும். குழுவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. ரேஸ் தொடங்கும் வரை அவரை யாராலும் முந்த முடியாது.

"என்ன கார் எடுக்கலாம் மச்சான்?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. ஹெட்செட்டில் ஒரு பெருமூச்சு கேட்கும். "வேகம்னு நீ எதைச் சொல்ற? டாப் ஸ்பீடா, லேப் டைமா?" என்பார். "நான் வேகம்னே சொல்லலையேடா" என்று நீங்கள் முனகுவது அவர் காதில் விழாது. வகுப்பு தொடங்கியிருக்கும்.

வகுப்பில் பிழையே இருக்காது. அதுதான் எரிச்சல். கார் வாங்கும் திரையில் காட்டுகிற வேகக் கோடுகளை நம்பக்கூடாது என்பார், உண்மை. நேர்ச்சாலையில் டெவெஸ்டே எய்ட் பிய்த்துக்கொண்டு போகும், வளைவு வந்தால் க்ரீகரும் எமெரஸும்தான் என்பார், அதுவும் உண்மை. ஸ்போர்ட்ஸ் ரகத்தில் இருக்கிற பரியா மணிக்கு 136 மைல் தொட்டு, அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள சூப்பர் கார்களின் மானத்தை வாங்கும். பழைய பீட்டில் காரின் சாயலில் இருக்கிற வீவில், 2022இல் வந்த கஸ்டம் வேலைகள் முடிந்தபின் பரியாவையும் தாண்டி 137 மைலுக்கு மேல் போகும். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

இதெல்லாம் அவர் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரஃபி1322 என்கிற யூடியூபர் பல வருடங்களாக விளையாட்டில் வருகிற கார்களையெல்லாம் ஓட்டி, லேப் டைம் எடுத்து, பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். அந்த மனிதர் ஓட்டிப் பார்த்து எழுதினார். நம்மவர் படித்துப் பார்த்து ஓட்டுகிறார்.

இவருடைய முழு வித்தையும் வெளிப்படுகிற இடம், ரேஸுக்கு முன் எல்லோரும் காத்திருக்கிற லாபி. ஹோஸ்ட் அவர்தான், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். கேட்ச்-அப்பை அணைக்க வேண்டுமே! பின்தங்கியவர்களுக்கு விளையாட்டே இரக்கப்பட்டுக் கொஞ்சம் வேகம் கூட்டித் தருகிற ஏற்பாடு அது. "பிச்சை வேகத்துல ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்று சொல்லி அணைத்துவிடுவார். எங்கள் குழுவில் அந்தப் பிச்சையால் பிழைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதை மரியாதை கருதி யாரும் சொல்வதில்லை.

அடுத்து, காருக்கும் ட்ராக்குக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கும் படலம். "வைன்வுட் ஹில்ஸ்ல வளைவு ஜாஸ்தி. எமெரஸ் எடுக்கலாம். ஆனா கடைசியில நீளமா ஒரு நேர்ரோடு வருது, அங்க டெவெஸ்டே அடிச்சுரும். க்ரீகர் ரெண்டுக்கும் பொதுவா நிக்கும். இருங்க, யோசிக்கிறேன்." அவர் 'இருங்க' என்றதும் ஒருவன் டீ போட எழுந்து போவான். இன்னொருவன் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வருவான். வந்து ஹெட்செட்டை மாட்டினால் எமெரஸ் ஜாதகத்தில் என்ன தோஷம் என்பது ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவுக்கு வந்துவிட்டார் என்று நாங்கள் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில், "ஒரு நிமிஷம், ஸ்பாய்லர் போடாம விட்டுட்டேன். போட்டா பிடிப்பு கொஞ்சம் கூடும்" என்று லாபியை விட்டே வெளியேறி கேமில் உள்ள மெக்கானிக் கடையான லாஸ் சாண்டோஸ் கஸ்டம்ஸுக்குப் போய்விடுவார். போனவர் ஸ்பாய்லரோடு திரும்புவாரா? சக்கரத்தை மாற்றுவார். கண்ணாடிக்குக் கறுப்பு அடிப்பார். பெயின்டும் அடிப்பார். பெயின்டுக்கும் வேகத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்றால், "வேகத்துக்கு இல்லடா, கான்ஃபிடன்ஸுக்கு" என்று பதில் வரும்.

ஒருவழியாக மூன்று, இரண்டு, ஒன்று. முதல் முந்நூறு அடிக்கு அவர் சொன்னதெல்லாம் பலிக்கும். சந்தேகமே இல்லாமல் முன்னால் போவார். முதல் வளைவில் மற்றவர்கள் பிரேக் பிடிப்பார்கள். இவர் பிடிக்க மாட்டார். எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்று லேப் டைம் பட்டியலில் போட்டிருக்காது அல்லவா? இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு, கேம் பணத்தில் 28 லட்சத்துச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்கிய க்ரீகர் மலைச்சரிவில் இறங்கும். திரை முதலில் எந்தக் காரைக் காட்டியதோ அதையே எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஓட்டிய ஒரு பையன் ஜெயித்திருப்பான்.

பிறகு காரணங்கள். லேக் அடித்தது. முன்னால் போகிற காரை ஒட்டிப் போனால் வேகம் கூட்டித் தருகிற ஸ்லிப்ஸ்ட்ரீமை அணைக்க மறந்துவிட்டார்கள். மறந்த ஹோஸ்ட் யார் என்று கேட்கக்கூடாது. ஜெயித்த பையன் கர்ப் பூஸ்ட் செய்கிறான். நடைபாதை விளிம்பில் சக்கரத்தை ஏற்றிக் குதிக்கவிட்டால் கார் கூடுதல் வேகம் எடுக்கும் என்பது இந்த விளையாட்டில் ஊரறிந்த ரகசியம். எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நம்மவர்தான்! கடைசியாக அந்தத் தீர்ப்பு வரும்: "இந்த ட்ராக்குக்கு எமெரஸ்தான் மச்சான். நான் முதல்லயே சொன்னேன்."

நேராகவே சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்து, வீட்டில் அனுமதி வாங்கி, எல்லோருக்கும் ஒத்துவருகிற இரண்டு மணி நேரத்தைத் தேற்றுகிறோம். அதில் பாதியை லாபியிலேயே தின்றுவிடுகிறார். எல்லோர் கராஜிலும் க்ரீகர் நிற்கிறது. அந்தப் பட்டியல் யூடியூபில் யாருக்கும் இலவசம். எல்லோரும் ஒரே காரை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஓட்டுகிற வேலை ஒன்றுதான். அது வந்துவிடக்கூடாது என்றுதான் இவ்வளவு ஆராய்ச்சியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிதாக ஒரு பையன் குழுவில் சேர்ந்து, "அண்ணா, நல்ல கார் வாங்க ஷார்க் கார்டு போடலாம்னு இருக்கேன்" என்றான். கேம் பணத்துக்காக நிஜக் காசு கொடுக்கிற சமாச்சாரம் அது. நம்மவர் பதறிவிட்டார். "டேய், வேண்டாம். அப்பா காசுடா அது. லெஜண்டரி மோட்டார்ஸ்போர்ட்ல எலிஜி ஆர்எச்8 சும்மாவே கிடைக்கும், அதை எடுத்து ஓட்டிப் பழகு. வேகமான கார் பின்னாடி வாங்கிக்கலாம், அவசரமே இல்ல" என்றார். அந்த ராத்திரி எங்கள் ரேஸையெல்லாம் விட்டுவிட்டு அவனோடேயே சுற்றிக்கொண்டிருந்தார். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்றுகூட ஒவ்வொரு வளைவாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். அத்தனையும் சரியான இடங்கள்.

ஆக, தெரியாமல் இல்லை. ஊரில் உள்ள எல்லா நிபுணர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அந்தப் பையனுக்குச் சொன்னதை நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் கார் நல்ல கார்தான், ஒத்துக்கொள்கிறோம். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. ரெடி பொத்தானை அழுத்துங்கள்.