வேண்டுதல் இல்லாத பாதயாத்திரை

கிளாஸ்கோ,
ஆனி மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினபோது, "நூத்தம்பது கிலோமீட்டர் நடந்தியாமா மாப்ள, என்ன வேண்டுதல்?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்லீங்க மாமா, சும்மாதான்" என்று நான் சொன்னது தறிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. அத்தைக்கு மட்டும் கேட்டுவிட்டது. "சும்மா எவனாச்சும் நடப்பானா? பையனுக்கு அங்க ஏதோ பிரச்சினை, என்னன்னு கேளுங்க" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் பயத்தைத் தெளியவைக்கத்தான் இந்தக் கடிதம். வேலை இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பெண் விவகாரம் எதுவும் கிடையாது. இங்கே சனங்கள் சும்மாதான் நடக்கிறார்கள்.

பாதைக்கு வெஸ்ட் ஹைலேண்ட் வே என்று பேர். கிளாஸ்கோவை ஒட்டிய மல்கை என்ற ஊரில் கிளம்பி, வடக்கே ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் 154 கிலோமீட்டர். 1980 அக்டோபரில் திறந்தார்கள். ஸ்காட்லாந்தில் அரசாங்கமே அறிவித்த முதல் நெடுநடைப் பாதை இதுதான். ஏழெட்டு நாளில் முடிப்பது வழக்கம். பந்தயம் கட்டி ஓடி ஒரே நாளில் முடிக்கிற பிறவிகளும் உண்டு. வழியில் கோயில் கிடையாது, முடிகிற இடத்திலும் கிடையாது.

நீங்கள் பழனிக்குக் கிளம்பினால் தோளில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுவேட்டி, துண்டு, விபூதி. இங்கே முதுகில் ஒரு வீட்டையே ஏற்றிக்கொள்கிறார்கள். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, கேஸ் டப்பா, மழைக் கால்சட்டை, வரைபடம், கால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. சுமக்க முடியாதவர்களுக்காக, ஒரு தங்கலிலிருந்து அடுத்த தங்கலுக்கு வேனில் பையைக் கொண்டுபோய் வைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. சுமையைக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, சும்மா நடக்கிறார்கள். சிரிக்காதீர்கள். உங்கள் குழுவுக்குப் பின்னாலேயும் அண்டா குண்டாவோடு ஒரு டாடா ஏஸ் வரும்தானே?

மழைச்சட்டையைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் அதைக் கையில் வாங்கியதும் நம் வீட்டுப் பழக்கத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விற்கிற பையன் ஒரு மாதிரிப் பார்த்தான். தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லான் இருக்கிறதே, அதே சாமானை இழுத்து மெல்லிய ஏடாக்கி, இரண்டு துணிக்கு நடுவில் ஒட்டியிருக்கிறார்கள். ஏட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். மழைத்துளி உள்ளே நுழையாது, வேர்வை ஆவியாக வெளியே போய்விடும் என்று விளம்பரம். ஸ்காட்லாந்து மழைக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது. விலையைச் சொல்ல மாட்டேன், அத்தை உடனே அது எத்தனை வெண்பட்டு என்று கணக்குப் போடுவார்.

மழை மேலிருந்து கீழே வரும் என்பது சேலம் அம்மாபேட்டையில் நாம் வைத்திருக்கும் நம்பிக்கை. இங்கே பக்கவாட்டில் வரும். புல்லில் பட்டுக் கீழிருந்து மேலேயும் வரும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சட்டையைக் கழற்றிப் பையில் வைத்து வாரைக் கட்டி முடிப்பதற்குள் தூறல். மழைச்சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டால் வெயில். சற்று மேடேறினால் ஆலங்கட்டி. நாள் முழுக்க உடுத்துவதும் அவிழ்ப்பதுமாகவே போகும். வண்டி வேடிக்கைக்கு வேஷம் கட்டுகிறவர்கள்கூட ஒரு ராத்திரியில் இத்தனை தடவை உடுப்பு மாற்ற மாட்டார்கள். வெயில் இருபது டிகிரியைத் தொட்டால் போதும், "என்ன வெக்கை, தாங்கலை" என்று ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று மார்போடு நடக்கிறார்கள். சித்திரை மாதச் சேலத்தை இவர்களுக்கு எப்படி விளக்குவது?

கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. இவர்களுக்கும் தெய்வம் உண்டு, அதன் பேர் வானிலை. எழுந்ததும் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். மலை ஏறுகிறவர்களுக்கென்றே தினமும் தனி வானிலை அறிக்கை வருகிறது. காற்று எந்தப் பக்கம், ஆளைத் தள்ளுமா, சிகரத்தில் மேகம் விலக எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று எல்லாம் போட்டிருக்கும். நீங்கள் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷூ மாட்டுகிறார்கள். எதிரே வருகிறவர் முதலில் பேசுவதும் வானிலைதான். திட்டுவதும் அதைத்தான், நன்றி சொல்வதும் அதற்குத்தான்.

கோனிக் ஹில் என்று 361 மீட்டரில் ஒரு குன்று. நம்ம குமரகிரி ஏறுகிற கால்களுக்குப் பெரிய விஷயமில்லை. மேலே நின்றால் கீழே லோமண்ட் ஏரி. அதில் சில தீவுகள் தாறுமாறாக இல்லாமல் ஒரே கோட்டில் நிற்கின்றன. தாழ்நிலமும் மேட்டுநிலமும் முட்டுகிற புவிப்பிளவு அந்தக் கோட்டில்தான் ஓடுகிறதாம். தெற்கே பார்த்தால் வயலும் வீடும், வடக்கே பார்த்தால் மலைக்கு மேல் மலை. சரியாக இரண்டு நிமிஷம் பார்த்தேன். அப்புறம் மேகம் வந்து மூடிவிட்டது.

அடுத்து மிட்ஜ். எள்ளைவிடச் சின்ன பூச்சி. கொசு ஒண்டியாக வரும், இது ஊரோடு வரும். பெண் பூச்சிதான் கடிக்கும், முட்டைக்கு ரத்தம் வேண்டும் அதற்கு. மந்தாரமாக, காற்றில்லாமல், ஈரமாக இருந்தால் கொண்டாட்டம். காற்று மணிக்குப் பதினொரு கிலோமீட்டரைத் தாண்டினால் பறக்க முடியாது. அதனால் நின்றால் கடி, நடந்தால் தப்பிக்கலாம். இந்த நாட்டுக்காரர்கள் ஏன் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்கவில்லை. தலையில் மாட்டிக்கொள்ள வலை விற்கிறார்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இது சுலபமாக நுழைந்துவிடும் என்பதால், பாவும் ஊடையும் அவ்வளவு நெருக்கமாக ஓட்டியிருக்கிறார்கள். நெய்தவன் கெட்டிக்காரன். அதை மாட்டிக்கொண்டு சாப்பிட மட்டும் முடியாது. பெண்கள் குளித்தபின் பூசிக்கொள்ள ஏவான் கம்பெனி போட்ட எண்ணெய் ஒன்றுக்கு இது பயப்படுமாம். கடற்படை வீரர்களே அதைத்தான் பூசுகிறார்கள் என்று ஒரு பேச்சு. மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் பூ வாசனையோடு மலையேறுவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஏரிக்கரையில் கல்லுக்கட்டடமாகச் சில குடில்கள் உண்டு, 'பாதி' (bothy) என்று சொல்கிறார்கள். நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரித்தான். பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, யார் வேண்டுமானாலும் படுக்கலாம். 1965ல் தொடங்கின ஒரு சங்கத்துத் தொண்டர்கள் பராமரிக்கிறார்கள். விளக்கு இல்லை, குழாய் இல்லை. கக்கூஸ் எங்கே என்று கேட்டேன். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் காட்டினார்கள்.

அங்கே ராத்திரி சமையலில்தான் வேடிக்கை. எல்லோரும் காய்ந்த சோற்றுப் பாக்கெட்டைக் கிழித்துச் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, அத்தை அனுப்பின ஜவ்வரிசியை ஊறவைத்து, கடுகு, பச்சைமிளகாய் தாளித்து உப்புமா கிளறினேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். சட்டியை எட்டிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. இந்த நாட்டில் அந்தக்காலப் பள்ளிக்கூடங்களில் ஜவ்வரிசியைப் பாலில் வேகவைத்துக் கொழகொழவென்று மத்தியானச் சோற்றோடு போடுவார்களாம். பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் தவளைமுட்டை. அறுபது வருஷத்துக்கு முந்தின பயம் மனுஷனுக்கு இன்னும் போகவில்லை. "இது எங்கள் ஜில்லாவின் பெருமை ஐயா, இதற்கென்றே சேலத்தில் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது" என்று சொல்லி ஒரு கரண்டி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பச்சைமிளகாய் வேலை செய்தது. இரண்டாம் கரண்டி அவரே கேட்டார். உங்கள் கேள்வியை அவரிடமே கேட்டேன், எதற்காக நடக்கிறீர்கள் என்று. "வீட்டில் இருந்தால் மனைவி வேலை சொல்கிறாள்" என்றார்.

இன்னொரு பெண் மட்டும் உங்களுக்குப் புரிகிற பதில் சொன்னாள். அவள் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட இல்லத்துக்காக நடக்கிறாள். அவள் முடித்தால் இவ்வளவு தருகிறேன் என்று தெரிந்தவர்கள் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கம் நடப்பவன் உண்டியலில் போடுவான். இங்கே நடப்பவருக்காக மற்றவர்கள் போடுகிறார்கள். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானமாவார்.

ஆனால் ஒரு குறை, மாமா. பாதயாத்திரை வழியில் நீர்மோர், பானகம், சுண்டல், புளிசாதம் என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்களே, அந்தப் பேச்சே இங்கே இல்லை. தோட்ட வாசலில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே கேக், சோடா, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. காவலுக்கு ஆளில்லை. எடுத்துக்கொண்டு விலையைப் போட்டுவிட்டுப் போகலாம். நம்பிக்கை பெரிசுதான். ஆனால் "இன்னொண்ணு எடுத்துக்கோ கண்ணு" என்று சொல்ல ஒரு பாட்டி இல்லையே.

நிலத்தைப் பொறுத்தவரை இவர்கள் தாராளம். 2003ல் போட்ட சட்டப்படி பெரும்பாலும் யார் நிலத்திலும் யாரும் நடக்கலாம், ஒழுங்காக நடந்துகொண்டால் சரி. நம்ம பங்காளிகள் ஒரு முழ வரப்புக்குக் கோர்ட்டு ஏறுகிறார்களே, அவர்களிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

வழியில் ஒரு சத்திரத்தில் பெரியவர் ஒருவரின் தொப்பியைத் தொட்டுப் பார்க்கக் கேட்டேன். ஹாரிஸ் ட்வீட். மேற்கே தீவுகளில் கம்பளியைச் சாயம் தோய்த்து, நூற்று, அவரவர் வீட்டில் காலால் மிதிக்கிற தறியில் நெய்தால்தான் அந்தப் பேர் போடலாம் என்று 1993ல் பாராளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது. நமக்கும் 1985லேயே கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விசைத்தறிக்காரர்களுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

ரன்னோக் மூர் என்பது மரம் மட்டையில்லாத சதுப்பு வெளி. 1894ல் திறந்த ரயில் பாதையை அதன் குறுக்கே போட்டபோது கெட்டித் தரையே கிடைக்காமல், வேரும் சுள்ளியும் மண்ணும் சாம்பலும் டன் கணக்கில் கொட்டி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்களாம். நடைபாதை மேற்கு ஓரமாகப் பழைய கல்ரோட்டில் போகிறது. அந்தியூர் சந்தைக்குப் போகிற மாதிரி, ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வழிகளில் மாடு ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஒதுங்க ஒரு புளியமரம்கூடக் கிடையாது. டெஃப்லான் சட்டை அங்கேதான் தோற்றது.

பிறகு சாத்தான் படிக்கட்டு, 550 மீட்டர். பதினெட்டாம் நூற்றாண்டில் சிப்பாய்கள் வெட்டின வளைவு வழி. ஏற்காட்டுக் கொண்டை ஊசி இருபதையும் பார்த்தவனுக்கு இது சாதாரணம். இறங்கினால் கின்லோக்லெவன். இந்த ஊரைப் பார்த்ததும் மேட்டூர் ஞாபகம் வந்துவிட்டது. மேலே அணை, மலைச்சரிவில் பெரிய குழாய்கள், கீழே மின்சாரம், அந்த மின்சாரத்தில் அலுமினியம். 1909ல் தொடங்கி 2000ல் மூடிவிட்டார்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டின பாக்சைட்டை உருக்கிய மேட்டூர் மால்கோ ஆலைக்கும் அதே கதிதானே. அணை கட்டின காலத்தில் கூலியாட்கள் குடிக்க மலைதாண்டிப் போய், ராத்திரி திரும்பும்போது பனியில் விழுந்து செத்திருக்கிறார்கள். இதைத் தாத்தாவிடம் சொல்லுங்கள்.

கடைசியில் பென் நெவிஸ். பிரிட்டன் முழுமைக்கும் உயர்ந்த மலை. எவ்வளவு தெரியுமா? 1345 மீட்டர். நம்ம ஏற்காடு ஊரே சுமார் 1500 மீட்டரில் இருக்கிறது. இருந்தாலும் இளக்காரமாகப் பேசக் கூடாது. நாம் பூமத்திய ரேகைப் பக்கம், இவர்கள் துருவத்துப் பக்கம். உச்சிப் பக்கம் கோடையிலும் பனி கிடப்பதுண்டு. 1883 முதல் 1904 வரை அந்த உச்சியில் ஒரு வானிலைக் கூடம் வைத்து, ஆட்கள் அங்கேயே தங்கி மணிக்கு மணி குறித்தார்கள். 1894ல் சில நாள் வேலைக்குப் போன வில்சன் என்ற இளைஞர், மேகத்தில் விழுந்த ஒளிவட்டங்களைப் பார்த்துவிட்டு, அதைக் கண்ணாடிக்குள் செய்து பார்க்கக் கிளம்பி, 1927ல் நோபல் பரிசு வாங்கிவிட்டார். நான் போனபோது தெரிந்தது என் ஷூ மட்டும்தான்.

மூவாயிரம் அடிக்கு மேலான சிகரம் 282 இருக்கிறதாம். அவற்றுக்கு மன்றோ என்று பேர், 1891ல் பட்டியல் போட்டவரின் பேர். இது வேறு மன்றோ. நம்ம பாராமகாலில் வரி வசூல் பண்ணி, சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். ஏற்காட்டுக்குக் காப்பிச்செடி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னும் ஸ்காட்லாந்துக்காரர்தான். சேலத்துக் கத்திரியில் வந்து இறங்கினவர் உடனே மலையேறியதில் என்ன ஆச்சரியம்?

பாதை முடிகிற இடத்தில், கடைத்தெருவில், பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் ஆளின் வெண்கலச் சிலை. எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன், அனுப்புகிறேன். சிலை யார், நான் யார் என்று அத்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு உதவி. எங்கள் ஊர் டவுன் பஸ் உங்கள் நாட்டு உச்சியைவிட உயரத்துக்குப் போய் ஆள் இறக்கிவிட்டு வரும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஏற்காட்டில் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போர்டு எங்கேயாவது இருந்தால், தம்பியை பைக்கில் அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூடவே அன்றைய பஸ் டிக்கெட்டும் ஒன்று. வாத்தியார் கேட்டார், ஜவ்வரிசி இரண்டு கிலோ.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை