ஓட்டுநர் உரிமவியல்: ஒரு பாயிரமும் ஆறு இயல்களும்

பாயிரம்

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு கலிஃபோர்னியாவில் வந்திறங்கும் ஒருவர் ஓட்டுநர் உரிமம் பெறும் முறை குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. செய்யத் தகுதியுள்ளவர்கள் எல்லாரும் இன்னும் வரிசையில் நிற்பதே காரணம். இக்குறையைக் களைவது இக்கட்டுரையின் நோக்கம். (நோக்கம் என்று ஒன்று இருந்தால்தான் கருத்தரங்கில் சேர்ப்பார்கள். பதிவுக் கட்டணம் கட்டிவிட்டால் நோக்கம் இல்லாமலும் சேர்ப்பார்கள்.)

ஆய்வாளர் தகுதி: தமிழ்நாட்டில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவர், பதினோராண்டு கார் ஓட்டியவர், எச்-1பி விசாவில் வந்தவர். ஆய்வுக் களம்: சன்னிவேல் முதல் ஃப்ரீமான்ட் வரை. ஆய்வு முறை: உற்றுநோக்கல், வாய்மொழித் தரவு, தோல்வி. அச்சில் சான்று கிடைக்காத இடங்களில் வாய்மொழிச் சான்றை மேற்கொண்டேன். அச்சில் கிடைத்த இடங்களிலும் அதையே மேற்கொண்டேன். அச்சிட்டதை யாரும் படிப்பதில்லை.

கலைச்சொல் விளக்கம் ஒன்றே ஒன்று. டி.எம்.வி. என்பது மோட்டார் வாகனத் துறை, நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வாசலில் புளியமரமும், மரத்தடியில் ஃபாரம் நிரப்பித் தருபவரும் இல்லாததை வைத்து அடையாளம் காணலாம்.

1. பத்தியல்

கலிஃபோர்னியாவில் குடியேறியவர் பத்து நாளுக்குள் அம்மாநில உரிமம் பெற வேண்டும் என்பது சட்டம். நாட்டுக்குள் வந்ததும் ஓடி வராதீர்கள், பத்து நாள் கழித்து வாருங்கள் என்பது எஸ்.எஸ்.என். எனும் ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தரும் அலுவலகத்தின் அறிவுரை. விமான நிலையத்தில் பதிவான ஐ-94 எனும் வருகை, தங்கல் அனுமதி விவரம் மற்ற கணினிகளுக்கு ஊர்ந்து சேர வேண்டாமா? அந்த எண்ணைப் பெறத் தகுதியுள்ளவரிடம் டி.எம்.வி. அந்த எண்ணைக் கேட்கும்.

ஆக, முதல் பத்து ஓடு என்கிறது; இரண்டாம் பத்து நில் என்கிறது. இரண்டு பத்தும் ஒரே பத்தா, அடுத்தடுத்த பத்தா? ஒரே பத்து என்பார் ஒரு சாரார் (சான்று: அறைத்தோழர், வாய்மொழி). அடுத்தடுத்தது என்பார் மறுசாரார் (சான்று: அதே அறைத்தோழர், மறுநாள்). பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்பது தமிழறிந்தோர் அறிந்தது. விசாக்காரரின் வாழ்விலும் முதல் பத்து கிடைப்பதில்லை. அது வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே நடந்தே தொலைந்துபோகிறது.

இதற்குப் பிறகு 'சேவ்' வருகிறது. மனுதாரரின் குடிவரவு நிலையைச் சரிபார்க்கும் மத்திய அரசின் கணினி ஏற்பாடு அது. பெயருக்குக் காப்பாற்று என்று பொருள் படும். யாரை என்பது தனி ஆய்வு.

எச்-4 விசாவில் வந்த துணைவருக்கு, வேலை அனுமதி இல்லாவிட்டால், எஸ்.எஸ்.என். கிடைக்காது. கிடைக்காது என்பதற்கு ஒரு கடிதம் கிடைக்கும். சில மாநிலங்களில் உரிமத்துக்கு அந்தக் கடிதமே சான்று. இன்மையையும் அறிவுக்கு வாயிலாகக் கொண்ட நம் பழைய தருக்க நூலார் இதைக் கண்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

2. பெயரியல்

அமெரிக்கப் படிவத்தில் இரண்டு பெட்டிகள்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயர், ஓர் எழுத்து, ஒரு புள்ளி. அந்த எழுத்துதான் அப்பா.

இந்த நிலை எப்படி வந்தது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் பெருவாரியானவர் பெயர்களிலிருந்து வால் உதிர்ந்தது. அன்று உதிர்ந்த இடம்தான் இன்று டி.எம்.வி. கணினியின் லாஸ்ட் நேம் பெட்டியில் வெற்றிடமாக நிற்கிறது. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்றெல்லாம் கணினிக்குத் தெரியாது. பெட்டி காலி என்பது மட்டும் தெரியும்.

இதனால் விசாத் தமிழர் மூவகைப்படுவர்.

(அ) தந்தை சார்ந்தோர். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாக எழுதியவர்கள். கட்டுரையாளர் இவ்வகை. கவுன்ட்டரில் "மிஸ்டர்" போட்டு என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டும் நான் எழவில்லை. அப்பா ஊரில் அல்லவா இருக்கிறார், இங்கே எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

(ஆ) கணவர் சார்ந்தோர். முன் வகையோடு ஒக்கும். கவுன்ட்டரில் எழுந்து நிற்பவர் மட்டும் கணவர்.

(இ) எஃப்.என்.யூ. வகையினர். பாஸ்போர்ட்டில் சர்நேம் பெட்டி காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கிற பெயர் முழுதும் சர்நேம் இடத்துக்குப் பெயர்ந்துவிடும். கிவன் நேம் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அம்மா காதில் மூன்று முறை ஓதி வைத்த பெயர் கையில் இருக்கும்போதே, தெரியவில்லை என்று அச்சடித்துத் தருகிறார்கள்.

பானை ஓட்டில் இரண்டு எழுத்துக் கிடைத்தால் மூன்று நூல் எழுதும் நம் அறிஞர்கள், முழுசாக மூன்று எழுத்துக் கிடைத்தும் இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. எனவே நானே இறங்கினேன். எஃப்.என்.யூ. என்பது ஒரு குலப்பெயர் என்பது என் துணிபு. தஞ்சாவூர்க்காரர், ஆப்கானியர், இந்தோனேசியர் என ஒற்றைப் பெயரோடு வந்த எல்லாரும் இக்குலத்தினர். இக்குலத்துக்குள் மணம் நிகழ்கிறது. பங்காளிச் சண்டை இல்லை. குலதெய்வம் மட்டும் தெரியாமல் இருந்தது. (சான்று: பெயர் அறியப்படாத அன்பர், இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது கூறியது, பக்கத்தில் நின்ற அவர் மனைவி மறுத்தது. மறுப்பே மூலபாடம், கூற்று இடைச்செருகல் என்று கொள்வாரும் உளர்.)

குலதெய்வம் முருகன் என நிறுவுகிறேன். முருகப்பெருமான் உரிமம் கேட்டு டி.எம்.வி. வருவதாகக் கொள்வோம். ஃபர்ஸ்ட் நேம் முருகன். லாஸ்ட் நேம்? தந்தை பெயர் எழுதலாம். ஆனால் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவர் அப்பா பெயரை அந்தப் பெட்டியில் எழுதுவாரா? மாட்டார். ஆகவே விசாவில் 'எஃப்.என்.யூ. முருகன்'. இது முதற்சான்று.

இரண்டாவது: பாஸ்போர்ட்டில் முருகன், ஐ-94-ல் சுப்பிரமணியன், வாடகை ஒப்பந்தத்தில் கந்தன், வங்கிக் கணக்கில் கார்த்திகேயன் என்றிருந்தால், சேவ் அவரை இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு அனுப்பும். அது எப்போது திரும்பி வரும் என்பதை அவரே அறிவார்.

மூன்றாவதே முடிந்த சான்று. உலகத்தையே வாகனத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகும், இருந்த இடத்திலேயே பெற்றோரைச் சுற்றியவருக்குத்தான் பரிசு என்று சொல்லிவிட்டார்கள். வெளியில் ஓட்டிய அனுபவத்தை உள்ளூர் அலுவலகம் கணக்கில் எடுக்காத முதல் நிகழ்ச்சி இதுவே. என் பதினோராண்டும் அவருடைய மயில் சவாரியும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. புகைப்படத்துக்கு ஆறில் எந்த முகம் என்ற வினாவை இளம் ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். அவர்களுக்கும் ஒரு பட்டம் வேண்டுமே.

3. எழுத்தியல்

எழுத்துத் தேர்வு: 36 கேள்விகள், 30 சரியாக இருக்க வேண்டும், ஒரே கட்டணத்தில் மூன்று முறை எழுதலாம்.

4. கண்ணியல்

உரிமத்தில் கண்ணின் நிறமும் அச்சாகும். இரண்டாயிரம் ஆண்டுப் புலவர்களை நம்பிக் கறுப்பு என்றேன். கவுன்ட்டர் அம்மையார் ஒரு கணம் என் கண்ணை நேராகப் பார்த்தார். "பிரவுன்" என்று தட்டினார். பார்த்தது ஒரு கணம்தான். தமிழ்க் காதல் இலக்கியம் முழுவதற்கும் திருத்தப் பதிப்பு தேவைப்படுகிறது.

5. துடைப்பியல்

நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் இண்டிகேட்டர் குச்சி ஸ்டியரிங்கின் வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். அமெரிக்காவில் இது மாறிக் கிடக்கிறது. சாலையிலும் வலப்பக்கம்தான் போக வேண்டும் என்பதை அறிவு ஒரே நாளில் ஏற்றுக்கொண்டுவிடும். விரல் ஏற்காது.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: மேகமே இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் ஆடினால், அந்தக் கார் எங்கோ திரும்பப்போகிறது. எந்தப் பக்கம் என்பதை வைப்பரின் வேகத்தைக்கொண்டு கணிக்கலாம் என்று ஒருவர் வாதிட்டார் (சான்று: மேற்படி அறைத்தோழரின் மைத்துனர், தொலைபேசி, நடுவில் அழைப்பு அறுந்ததால் பாடம் சிதைவு, விடுபட்ட பகுதியை உரையாசிரியராகிய நான் ஊகித்து நிரப்பி, ஊகத்தையே அடுத்த கட்டுரையில் சான்றாகக் காட்ட உள்ளேன்).

தேர்வன்று நானும் வலப்பக்கம் திரும்பும்போது கண்ணாடியைத் துடைத்தேன். தேர்வாளர் எதுவும் சொல்லாமல் தாளில் ஒரு கோடு போட்டார். அடுத்த திருப்பத்திலும் துடைத்தேன். இன்னொரு கோடு. கண்ணாடி பளபளவென்று இருந்தது.

தடம் மாறும்போது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்தால் போதாது, பார்ப்பதைத் தேர்வாளர் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும்படி பட்சணம் சாப்பிட்ட அனுபவம் இங்கே கைகொடுக்கும்.

6. நில்லியல்

ஸ்டாப் பலகைக்கு எட்டு மூலை. முதல் பலகை 1915-ல் டெட்ராய்ட்டில் நட்டது. இன்றைய சிவப்பு 1954-ல் வந்தது. நம் ஊர்த் தேர்விலும் எட்டு உண்டு. அந்த எட்டில் கால் ஊன்றி நின்றால் தோல்வி. இந்த எட்டின் முன் நிற்காவிட்டால் தோல்வி. இருபதாவது வயதில் உடம்புக்குள் ஏறிய எட்டை இன்னொரு எட்டால் வெளியே எடுப்பதற்குத்தான் இந்தத் தேர்வே நடக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

எவ்வளவு நேரம் நிற்பது? சட்டம் முழுமையாக நில் என்கிறதே ஒழிய நொடிக்கணக்குச் சொல்லவில்லை. சட்டம் மௌனமான இடத்தில் மூன்று பள்ளிகள் தோன்றின. முந்நொடிப் பள்ளியினர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணுவர். ஐந்நொடிப் பள்ளியினரைப் பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்து முந்நொடிப் பள்ளிக்கு மதம் மாற்றுவர். மூன்றாமவர் உருள்நிலைப் பள்ளி: சக்கரம் நிற்காது, மனம் நின்றிருக்கும். நான் முதல் முறை இப்பள்ளியைச் சார்ந்து ஓட்டினேன். அது ஒரே தவறில் தேர்வை முடித்துவிடும் வகை. துடைத்ததற்கெல்லாம் கோடு போட்டவர் இதற்குப் பேனாவை மூடிவிட்டார். "திரும்பி ஆபீசுக்கே போகலாம்" என்றார். வழியில் இருந்த எல்லாப் பலகைக்கும் ஐந்து நொடி நின்றேன். பயனில்லை.

நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போகலாம். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்தவருக்கு வழிவிட வேண்டும். நால்வரும் ஒரே நேரத்தில் வந்தால்? ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் உண்டு. விதி தன்னைத்தானே விழுங்கிவிடும். நால்வரும் நம்மவராக இருந்தால் நிலைமை கல்யாணப் பந்தியின் கடைசி இலைக்கு இணையானது. "நீங்க போங்க" என்று நான்கு கைகள் அசையும். நால்வரும் ஒன்றாக ஓர் அடி நகர்வர். நால்வரும் ஒன்றாக நிற்பர். (சான்று: நேரில் கண்டது, சனிக்கிழமை மாலை, கோயில் அன்னதானம் முடிந்த வேளை, ஐந்தாவதாக வந்த பள்ளிச் சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து போனான், அவன் கூற்று கிடைக்கவில்லை.)

முடிபு

இரண்டாம் முறை தேறினேன். சில வாரங்களில் அட்டை தபாலில் வந்தது. ரியல் ஐடி சட்டம் 2005-ஆம் ஆண்டினது. அதன்படி தற்காலிக விசாக்காரரின் அட்டை தற்காலிகமானது என்பது அதிலேயே தெரிய வேண்டும். தங்க அனுமதி முடியும் நாளில் அதுவும் முடிய வேண்டும். என் ஐ-94 என்று முடிகிறதோ அன்று என் ஓட்டும் திறனும் முடிகிறது. இடப்பக்கம் பழகிய விரல், நிற்கப் பழகிய கால், பின்னால் திரும்பப் பழகிய கழுத்து எல்லாம் அன்று நள்ளிரவு மறந்துபோகும் என்பது அரசின் கொள்கை. நீட்டிப்புக் கடிதம் வந்தால், அதன் அடியில் இருக்கும் புது ஐ-94-ஐக் காட்டி நினைவை மீட்டுக்கொள்ளலாம். எனவே இவ்வுரிமம் ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்று அன்று, இருக்கலாம் என்பதற்குச் சான்று என்பது ஆய்வின் முடிபு.

அட்டையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். வாழ்நாளில் சைக்கிள் தவிர எதையும் ஓட்டாதவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன் செய்தார்.

"ஏண்டா, என் பேருதான் மொதல்ல போட்டிருக்கான். அப்ப நான் அங்க கார் ஓட்டலாமா?"

"ஓட்டலாம்ப்பா. ஐ-94 முடியற வரைக்கும்."