கணினிக்கு ஜலாபிஷேகம்

கேள்வி: மேஜைக் கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கும்படி நானே அமைக்க விரும்புகிறேன், மின்சாரமும் ஜலமும் ஒத்துப்போகுமா?

பதில்: மனஸ்தாபங்கொண்ட சம்பந்திகளைப் போல, நேரில் சந்திக்காதவரையில் பேஷாக ஒத்துப்போகும். பிராசஸரின் சிரசின்மீது அமர்ந்த தாமிரப் பாளத்தின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு, பம்பின் உந்துதலால் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, அங்கே விசிறிக் காற்றிடம் அதை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் ஜலம், அதே கன அளவுள்ள காற்றைக் காட்டிலும் சுமார் 3,500 மடங்கு உஷ்ணத்தைச் சுமக்கவல்லது. தாமிரத்தோடு அலுமினியத்தைச் சேர்த்துவிடாதீர்கள், அரிப்பு உண்டாகும். முதலில் பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளின் அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, 24 மணி நேரம் பொறுத்திருங்கள். நனைவது காகிதமானால் நஷ்டம் காலணா. மதர்போர்டானால் கணினியையே தலைமுழுக வேண்டியதுதான்!