ஹானரரி மட்டும் சின்ன எழுத்தில்

ஏற்றுமதி வியாபாரமோ இன்ஜினீயரிங் கல்லூரியோ நடத்திக்கொண்டே, எங்கோ இருக்கும் குட்டி நாடு ஒன்றுக்குச் சென்னையில் ‘ஹானரரி கான்சல்’ ஆகிவிட்ட பெரிய மனிதரை அவருடைய விசிட்டிங் கார்டிலேயே படித்துவிடலாம். அந்நாட்டு முத்திரை பொன்னிறத்தில் புடைத்து நிற்கும். ‘கான்சல்’ கொட்டை எழுத்தில் இருக்கும். சம்பளமில்லாத பதவி என்பதைக் காட்டிக்கொடுக்கும் ‘ஹானரரி’ மட்டும் ‘ஹான்.’ என்று சுருங்கி ஓரமாக ஒதுங்கியிருக்கும். விழா மேடையில் ‘மேதகு தூதர் அவர்களே’ என்று விளித்தால் தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொள்வார். ‘அம்பாசடர்’ என்றாலும் ஆட்சேபணை இல்லை. ‘அந்த நாட்டுக்கு ஏஜென்ட் நீங்கதானே சார்?’ என்று யாராவது கேட்டுவிட்டால்தான், 1963 வியன்னா உடன்படிக்கை வரை போய்த் திருத்துவார். (அதே உடன்படிக்கை கான்சல்களின் வரிசையில் கடைசிப் படியாக ‘கான்சுலர் ஏஜென்ட்’டை வைத்திருப்பது அவர் வாயில் வராது.) உயர்த்திச் சொன்னால் அன்பு, தாழ்த்திச் சொன்னால் பிழை.

இதற்காக அவரை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. அரசாங்கங்களிடமிருந்து தொற்றிய வியாதி இது. 1661-ல் லண்டனுக்கு வந்த ஸ்வீடன் தூதரின் வரவேற்பில் யாருடைய கோச்சு வண்டி முன்னால் போவது என்று பிரான்ஸ், ஸ்பெயின் தூதர்களின் ஆட்கள் நடுத்தெருவில் மோதி, உயிர்ப்பலியே ஆயிற்று. 1815-ல் வியன்னாவில் கூடித் தரவரிசை வகுத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினார்கள். அம்பாசடர் என்றாலே ராஜ வாடை என்று ஒதுங்கி, வெறும் ‘மினிஸ்டர்’களையே அனுப்பிவந்த அமெரிக்காவும் 1893-ல் மனம் மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆளாளுக்கு அம்பாசடர் ஆகிவிட்டதால், தூதர்களுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையில் இரண்டாம் படியாக எழுதப்பட்ட ‘என்வாய்’ பதவிக்கு இன்று ஆளே இல்லை என்று சொல்லலாம்.

எல்லா வேறுபாடும் வறட்டு ஜம்பமா என்று கேட்கலாம். இல்லை. டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்குப் போகிறவர் அம்பாசடர், கொழும்புக்குப் போகிறவர் ஹை கமிஷனர். ஒரே மன்னரின் கீழிருந்த நாடுகள், மன்னர் தமக்குத் தாமே தூது அனுப்ப முடியாதே என்று கண்டுபிடித்த பெயர் அது. மன்னர் போய்க் குடியரசு வந்தும் காமன்வெல்த்துக்குள் பெயர் தங்கிவிட்டது. இரண்டும் சம அந்தஸ்து. அதனால்தானோ என்னவோ, மாற்றிச் சொன்னால் நம் ஊரில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை!

ஹானரரி கான்சலால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு நிற்கும் அந்நாட்டுப் பயணிக்கு டெல்லியிலிருக்கும் அம்பாசடரைவிட ஊரிலேயே இருக்கும் இவர்தான் தெய்வம். அந்த வேலைக்குக் ‘கான்சல்’ என்ற பெயரே போதும், மேலே ஏற்றத் தேவையில்லை. அவருக்கோ காரின் கொடிதான் முக்கியம். அலுவல் நிமித்தம் போகும்போது மட்டுமே வண்டியில் கொடி என்கிறது 1963 உடன்படிக்கை; முகூர்த்தத்துக்குப் போவதும் இருநாட்டு உறவை வளர்க்கத்தான் என்பது அவருடைய வியாக்கியானம். குடும்பத்தாருக்குச் சலுகை எதுவும் கிடையாது என்று 58-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அதைப் படித்திராத கேட்டரிங்காரர் அவர் மனைவியை ‘மேடம் கான்சல்’ என்று கூப்பிட்டு, அடுத்த மூன்று விருந்துகளுக்கும் ஆர்டர் வாங்கிவிடுகிறார்.